தோற்றுப்போன நகைச்சுவையைப் பார்க்கும் முறை: 'பிரிங்கிங் அப் பேபி'க்கு ஒரு வழிகாட்டி

கேத்தரின் ஹெப்பர்னும் கேரி கிராண்டும் நடித்து, ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்து இயக்கி, ஆர்.கே.ஓ. நிறுவனம் 1938 பிப்ரவரியில் வெளியிட்ட 'பிரிங்கிங் அப் பேபி', இன்று ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் முன்வரிசையில் நிற்கிறது. வெளியான காலத்திலோ, தன்னை எடுத்த நிறுவனத்துக்கு அது சுமார் 3,65,000 டாலர் நட்டத்தைத் தேடித் தந்தது. பெயரைக் கேள்விப்பட்டு ஆசையோடு பார்க்க உட்காருகிறவர்களில் பலர் முதல் அரைமணி நேரத்திலேயே களைத்துப்போய், ஆளாளுக்குக் கத்துகிறார்கள், ஒன்றும் புரியவில்லை என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமர்சகர் ஃபிராங்க் நியூஜென்ட் 1938இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: ஹெப்பர்னின் பாத்திரம் மூச்சிரைக்க வைக்கிறது, அர்த்தமில்லாதது, பெரும் களைப்பைத் தருகிறது, வேடிக்கைகள் எல்லாம் ஏற்கெனவே பார்த்துப் பழகியவை.

தோல்விக்கான காரணத்தை ஹாக்ஸே பிற்காலத்தில் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சுடன் நடத்திய உரையாடலில் சொல்லியிருக்கிறார். படத்தில் இயல்பான மனிதர் ஒருவர்கூட இல்லை, கதாநாயகன் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருமே கிறுக்கர்கள், இனி அப்படியொரு படத்தை எடுக்கமாட்டேன் என்பது அவருடைய வாக்குமூலம். வசூலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாக இருக்கலாம். படத்தைப் பொறுத்தவரை அவர் கட்சி தவறு என்றே நான் கருதுகிறேன். நிதானமான ஆள் ஒருவர் நடுவில் நின்று நம் சார்பாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்தால், இந்தப் படம் பத்தோடு பதினொன்றாகியிருக்கும். ஆகவே முதல் அறிவுரை இதுதான்: யாரைப் பிடித்துக்கொண்டு படத்துக்குள் போவது என்று தேடாதீர்கள். அப்படி ஒருவர் உள்ளே இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். கீழே வருபவை அதற்கான நடைமுறை யோசனைகள்.

திரை, ஒலி, சப்டைட்டில்

படம் 102 நிமிடம் ஓடுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் பிரதி அதைவிடக் கணிசமாகக் குறைவாக ஓடினால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள், வேறு பிரதியைத் தேடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம். வண்ணம் ஏற்றிய பிரதி ஏதேனும் கண்ணில் பட்டால் விலகிச் செல்லுங்கள். சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37க்கு 1. இன்றைய அகலத் தொலைக்காட்சிகள் அதை இழுத்து நிரப்பவோ, மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கவோ முயலும். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் தூய்மைவாதம் அன்று. ஹாக்ஸ் இந்தப் படத்தில் முகங்களை நெருக்கமாகக் காட்டுவதைக் குறைத்து, இரண்டு மூன்று பேரைத் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்தில் வைத்தே பெரும்பாலான காட்சிகளை எடுத்திருக்கிறார். கால் வெட்டுப்பட்டால் பாதி வேடிக்கை போய்விடும். காட்டில் அலையும் காட்சியில் ஹெப்பர்னின் செருப்புக் குதிகால் ஒன்று உடைந்துபோக, அவர் ஏறி இறங்கி நொண்டி நடந்துகொண்டே, தான் மலைச்சரிவில் பிறந்தவள் என்று சொல்கிறார். படப்பிடிப்பில் குதிகால் தற்செயலாகவே உடைந்தது. வசனமும் அந்த இடத்திலேயே பிறந்தது. ஹாக்ஸ் அதை அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே வெட்டிய சட்டகத்தில் இது ஒன்றுமே இல்லாமல் போகும்.

சப்டைட்டில் விஷயத்தில் என் கருத்து சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். முதல்முறை பார்க்கும்போது சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பதே நல்லது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடும் வசனமுறை இதில் இருக்கிறது. சில இடங்களில் மூன்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன. சப்டைட்டில் அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கி எழுதுகிறது, அதிலும் நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே வேடிக்கையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கண் திரையின் அடிவிளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், மேலே கிராண்டின் தோள் எப்படிச் சரிகிறது என்பதைத் தவறவிடுகிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு சொற்கள் காதில் விழாமல் போனாலும் குடிமுழுகிவிடாது. இரண்டாம் முறை பார்க்கும்போது சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு, விட்டுப்போனவற்றை நிதானமாகப் பொறுக்கிக்கொள்ளலாம்.

பின்னணி இசை ஏறக்குறைய இல்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இப்போது சிரிக்க வேண்டும், இப்போது உருக வேண்டும் என்று எந்த வயலினும் உங்களுக்குச் சொல்லித் தராது. சிரிப்பு அடங்கட்டும் என்று ஹாக்ஸ் காத்திருப்பதும் இல்லை. நிறைந்த அரங்கில் ஒரு வேடிக்கைக்கு எழும் சிரிப்பு அடுத்த வசனத்தை மூடிவிடும் வேகத்தில்தான் படம் கோக்கப்பட்டிருக்கிறது. தனியாக, அமைதியான அறையில் பார்க்கும்போது அந்த வேகம் வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். ஆகவே இன்னொருவராவது உடன் இருந்தால் நல்லது. கைப்பேசியில், ஒன்றேகால் மடங்கு வேகத்தில் பார்ப்பதாக இருந்தால் பார்க்காமலே இருந்துவிடலாம்.

கதையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

மர்மப் படத்துக்குச் செய்யக்கூடாததை இந்தப் படத்துக்குத் தாராளமாகச் செய்யலாம். கதையின் எலும்புக்கூடு முன்பே தெரிந்திருந்தால், அடுத்து என்ன என்ற பதற்றம் நீங்கி, இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும்.

டேவிட் ஹக்ஸ்லி நியூயார்க்கில் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியலாளன். நான்கு ஆண்டுகளாக பிரான்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகளைக் கோத்து நிறுத்திக்கொண்டிருக்கிறான். எஞ்சியிருப்பது ஒரே ஓர் எலும்பு. இன்டர்காஸ்டல் கிளாவிக்கிள் என்று அதைச் சொல்கிறார்கள். விலாக்களுக்கு நடுவே காரை எலும்பு எந்த விலங்குக்கும் கிடையாது. திரைக்கதை எழுதியவர்கள் கட்டிவிட்ட கதை அது. மறுநாள் டேவிட்டுக்கும் அவனோடு பணிபுரியும் ஆலிஸ் ஸ்வாலோவுக்கும் திருமணம். தேனிலவு வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம், இந்த எலும்புக்கூடுதான் நம் பிள்ளை என்று ஆலிஸ் தீர்மானமாகச் சொல்லிவிடுகிறாள். அருங்காட்சியகத்துக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை தரக்கூடிய ஒரு பணக்கார அம்மையாரின் வழக்கறிஞர் பீபாடியைக் குளிரவைப்பதற்காக டேவிட் கோல்ஃப் ஆடப் போகிறான். அங்கே சூசன் வான்ஸ் என்ற பெண் அவனுடைய பந்தைத் தன்னுடையது என்று அடித்துவிட்டு, அவனுடைய காரையும் தன்னுடையது என்று ஓட்டிக்கொண்டு போகிறாள்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு நாளுக்கும் சற்றே கூடுதலான நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிரேசிலில் இருக்கும் சூசனின் அண்ணன் பேபி என்ற பழக்கிய சிறுத்தையை அவளுக்கு அனுப்பிவைக்கிறான். அதைக் கனெக்டிகட்டில் உள்ள அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக டேவிட்டை வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்கிறாள். அந்த அத்தைதான் 10 லட்சம் டாலருக்குச் சொந்தக்காரி என்பது அவனுக்குப் பிறகே தெரிகிறது. அத்தையின் நாய் ஜார்ஜ் அந்த எலும்பைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கோ புதைத்துவிடுகிறது. சர்க்கஸில் ஆளைத் தாக்கிய இன்னொரு சிறுத்தை வண்டியில் ஏற்றப்பட்டு அவ்வழியே வருகிறது. அதைப் பேபி என்று நினைத்துச் சூசன் அவிழ்த்துவிடுகிறாள். எல்லோரும் ஊர்ச் சிறையில் வந்து சேர்கிறார்கள். முடிவில் அருங்காட்சியகத்தில் டேவிட்டைத் தேடிவரும் சூசன் ஏணியில் ஏற, நான்கு ஆண்டு உழைப்பு அப்படியே சரிந்து விழுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டதால் உங்களுக்கு ஒன்றும் நட்டமில்லை.

டேவிட்டிடமிருந்து என்னவெல்லாம் கழன்றுபோகின்றன

கதையை விட்டுவிட்டு எதைப் பின்தொடர்வது என்றால், டேவிட் இழப்பவற்றைப் பின்தொடருங்கள். முதலில் கோல்ஃப் பந்து, பிறகு கார், உயரத் தொப்பி, மேற்கோட்டின் முதுகுப்பகுதி. கனெக்டிகட் போனதும் உடுத்திய துணி முழுவதும், ஏனென்றால் அவன் குளிக்கும் நேரம் பார்த்துச் சூசன் அதை வெளுக்க அனுப்பிவிடுகிறாள். கைக்கு அகப்பட்ட பெண்களின் மெல்லிய வீட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு அவன் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பவர் அத்தை. அதன் பிறகு பெயரும் போகிறது. டாக்டர் ஹக்ஸ்லி என்பவனைச் சூசன் 'மிஸ்டர் போன்' ஆக்கிவிடுகிறாள். மூக்குக்கண்ணாடி, நிச்சயித்த பெண், இறுதியில் டைனோசர். கண்ணாடியைக் கழற்றினால் எவ்வளவு அழகாக இருக்கிறாய் என்று சூசன் வியக்கும் இடத்தைக் கவனியுங்கள். பாத்திரத்தை அமைக்கும்போது ஊமைப்படக் கால நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிடை நினைத்துக்கொள்ளும்படி ஹாக்ஸ் கிராண்டிடம் சொன்னார். அந்த வட்டக் கண்ணாடி அங்கிருந்து வந்ததுதான். முதல் காட்சியில் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு சாரத்தின் மேல் சிந்தனையில் உறைந்து உட்கார்ந்திருக்கும் மனிதனும், கடைசியில் அந்த ஒரு நாள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் என்று ஒப்புக்கொள்ளும் மனிதனும் ஒருவனேதான் என்று நம்பவைப்பது இந்தக் கழற்றல்தான். ஒவ்வொன்று போகும்போதும் அவனுடைய குரல் உயர்வதையும், உடம்பு இளகுவதையும் நீங்கள் படிப்படியாகப் பார்க்கலாம்.

சூசன் எரிச்சலூட்டுகிறாள் என்பது பொதுவான புகார். அது உண்மைதான், அவள் எரிச்சலூட்ட வேண்டியவள். ஆனால் அவளைக் கிறுக்கி என்று தள்ளிவிடுமுன் அவள் எங்கே முடிவெடுக்கிறாள் என்று பாருங்கள். உணவகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் மனநல மருத்துவர் லேமனிடம் ஒருவன் தன்னைத் துரத்திக்கொண்டிருப்பதைப் பற்றி அவள் கேட்கிறாள். ஆண்களின் காதல் பெரும்பாலும் சண்டையாகவே வெளிப்படும் என்று அவர் சொல்கிறார். அந்த நொடியிலிருந்து டேவிட்டின் ஒவ்வொரு வசவும் அவளுக்குக் காதல் மொழியாகவே கேட்கிறது. அதற்குப் பிறகு அவள் சொல்லும் பொய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: அவன் நியூயார்க்குக்குத் திரும்பிப்போய் ஆலிஸை மணந்துவிடக் கூடாது. துணியை வெளுக்க அனுப்புவதும் அதற்கே. எல்லோரையும்விடத் தெளிவாகத் தனக்கு வேண்டியது இன்னது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஹெப்பர்னுக்கு இந்த வேடம் எளிதாக வரவில்லை. அதுவரை பெரும்பாலும் கனமான பாத்திரங்களையே ஏற்றிருந்த அவர், தொடக்கத்தில் தானே வேடிக்கை செய்வதாகக் காட்டிக்கொண்டு மிகையாக நடித்தார். ஹாக்ஸ் சொல்லிப் பார்த்துவிட்டு, மேடை நகைச்சுவையில் பழம் தின்று கொட்டை போட்ட வால்டர் கேட்லெட்டை அழைத்து, கிராண்டுடன் அந்தக் காட்சியை நடித்துக்காட்டச் செய்தார். கேட்லெட் சிரிக்க வைக்க முயலவே இல்லை. உயிர்போகிற காரியம்போல முழுத் தீவிரத்தோடு பேசினார். ஹெப்பர்ன் அதைப் பிடித்துக்கொண்டதோடு, கேட்லெட்டைப் படத்திலேயே வைத்துக்கொள்ளும்படியும் கேட்டார். சிறைக்காட்சியில் வரும் கான்ஸ்டபிள் ஸ்லோகம் அவர்தான். அந்தக் காட்சி வரும்போது ஆசிரியரும் மாணவியும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். மாணவி சிறுத்தைக் கும்பலைச் சேர்ந்த கொள்ளைக்காரிபோலப் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொண்டு அவரை ஏமாற்றிவிட்டு, ஜன்னல் வழியே வெளியேறிவிடுகிறாள்.

ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்தி

முழுப்படத்தையும் பார்க்க நேரமில்லாதவர்களுக்கும், பார்த்துவிட்டு ஏன் கொண்டாடுகிறார்கள் என்று புரியாதவர்களுக்கும் நான் பரிந்துரைப்பது இரவு உணவகக் காட்சி. மதுக்கூடப் பணியாளரிடம் சூசன் ஒரு வித்தை கற்றுக்கொண்டிருக்கிறாள்: ஆலிவ் காயைக் கையில் வைத்துத் தட்டி மேலே எழுப்பி வாயில் பிடிப்பது. ஒரு காய் தரையில் விழுகிறது. முழு மாலை உடையில், உயரத் தொப்பியோடு நுழையும் டேவிட் அதில் கால்வைத்து வழுக்கித் தொப்பியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறான். இது நியூஜென்ட் சலித்துக்கொண்ட பழைய வேடிக்கைதான், மறுக்கவில்லை. அதிலிருந்து என்ன கிளைக்கிறது என்பதே விஷயம். சூசன் மருத்துவரின் மனைவியுடைய கைப்பையைத் தன்னுடையது என்று எடுத்து டேவிட்டின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த அம்மையார் அவனைத் திருடன் என்கிறார். அவன் சூசனைத் துரத்துகிறான். அவனைத் தடுக்கச் சூசன் கோட்டைப் பிடிக்க அது முதுகுவரை கிழிகிறது. கோபித்துக்கொண்டு அவள் விலகிப் போகும்போது அவளுடைய நீண்ட பாவாடையின் பின்பக்கத்தை அவன் மிதித்துவிட, துணி கழன்று தரையில் நிற்கிறது.

இந்த இடத்திலிருந்து ஒலியைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். என்ன ஆயிற்று என்று சூசனுக்குத் தெரியாது. சொல்ல வாய்வராத டேவிட், நசுங்கிய தொப்பியை அவளுடைய பின்புறத்தில் வைத்து மறைக்கிறான். அவள் அதைத் தட்டிவிடுகிறாள். அவன் மறுபடி வைக்கிறான். அவன் சொல்வதைக் கேட்க அவள் ஆயத்தமாக இல்லை. கண்டபடி திட்டிக்கொண்டே திரும்புகிறாள். பின்பு கை பின்னால் போகிறது, முகம் மாறுகிறது. அதுவரை அவனை விட்டு ஓடியவள், என் பின்னாலேயே நில் என்கிறாள். ஒட்டி நின்று, இடக்கால் வலக்கால் ஒன்றாக எடுத்துவைத்து, உணவகம் முழுவதும் பார்த்துச் சிரிக்க, இருவரும் ஓருடம்பாய் வாசலை நோக்கி நடக்கிறார்கள். வழியில் பீபாடி. ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று டேவிட் கத்திக்கொண்டே கடந்துபோகிறான். அந்த வாக்கியத்தை அவன் சொல்வது அதுவே முதல்முறை அன்று. 1934 முதல் ஜோசப் பிரீனின் தலைமையில் தணிக்கை நெறிகள் கறாராக நடைமுறைக்கு வந்திருந்த ஹாலிவுட்டில், ஓர் ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருக்கமாக உடம்போடு உடம்பு ஒட்டி நடப்பதைக் காட்ட வேறு வழி இருந்திருக்காது. முத்தம் இல்லை, இனிய வசனம் இல்லை. இருந்தும் இந்தக் காட்சி முடியும்போது இவர்கள் இனிப் பிரியமாட்டார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, டேவிட்டுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அத்தை வீட்டு இரவுணவுக் காட்சியையும் இதேபோலப் பார்க்கலாம். நாய் எழுந்து போகும்போதெல்லாம், எலும்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஆசையில் டேவிட் தட்டை விட்டு எழுந்து பின்னாலேயே போகிறான். அத்தையின் விருந்தாளி மேஜர் ஆப்பிள்கேட், வேட்டைக்காரர் என்ற மிடுக்கோடு சிறுத்தை எப்படிக் கத்தும் என்று கத்திக் காட்டுகிறார். வெளியே இருட்டிலிருந்து பதில் வருகிறது.

சிறுத்தையைப் பார்ப்பது எப்படி

கதையில் சிறுத்தை இரண்டு, திரையில் ஒன்றுதான். நிஸ்ஸா என்ற பழக்கிய சிறுத்தையே சாதுவாகவும் மூர்க்கமாகவும் இரு வேடங்களிலும் நடித்தது. ஓல்கா செலஸ்ட் என்ற பெண் பயிற்சியாளர் கையில் சாட்டையோடு காமிராவுக்கு வெளியே நின்றிருந்தார். ஹெப்பர்ன் அதனிடம் அச்சமின்றிப் பழகினார். ஒருமுறை அவர் சட்டென்று திரும்ப, பாவாடை சுழன்றதில் மிரண்ட சிறுத்தை அவர் மேல் பாய, பயிற்சியாளரின் சாட்டையடிதான் காப்பாற்றியது. கிராண்டுக்கோ அதனிடம் நெருங்கவே மனமில்லை. தொட வேண்டிய இடங்களில் அவருக்குப் பதில் வேறொருவர் நின்றார். இது தெரிந்திருந்தால் இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு கூடுதல் வேடிக்கை கிடைக்கும். கிராண்டும் சிறுத்தையும் ஒரே சட்டகத்தில் இருக்கும் காட்சிகள் பல, தனித்தனியே எடுத்து லின்வுட் டன் என்ற தந்திரக்காட்சி வல்லுநர் ஒட்டிச் சேர்த்தவை. இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு எங்கே ஓடுகிறது என்று தேடிப் பாருங்கள். சிறுத்தையைக் கட்டியிருக்கும் கயிறு அந்தக் கோட்டைக் கடக்கும் இடங்களில்தான் அவருடைய கைவண்ணம் தெரியும். ஹெப்பர்ன் கட்டியிழுக்கும் காட்சிகளில் இந்தத் தேடல் பெரும்பாலும் வீண். அங்கே அவர் உண்மையிலேயே சிறுத்தையோடு இருக்கிறார்.

தோல்விக் கணக்கைப் படிக்கும் முறை

இந்தப் படம் படுதோல்வி என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத் திட்டச் செலவு சுமார் 7,67,000 டாலர். 1937 செப்டம்பர் 23இல் தொடங்கிய படப்பிடிப்பு நவம்பர் 20இல் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 1938 ஜனவரி 6இல். ஹாக்ஸ் அவசரப்படாத இயக்குநர். நடிகர்களோ காட்சிக்கு நடுவே சிரிப்பை அடக்க முடியாமல் எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுக்கவைத்தார்கள். சிறுத்தையும் நாயும் யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. செலவு கடைசியில் 10,96,000 டாலரைத் தாண்டிவிட்டது. முதல் வெளியீட்டில் உள்நாட்டில் 7,15,000, வெளிநாடுகளில் 3,94,000, ஆகமொத்தம் 11,09,000 டாலர் வந்தது. படம் எடுத்த செலவை வருமானம் ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். பிரதி போடும் செலவு, விளம்பரம், விநியோகம் ஆகியவை அதற்கு மேல் வரும்; நட்டம் அங்கேதான் விழுந்தது. திட்டமிட்ட நாளில், திட்டமிட்ட செலவில் முடித்திருந்தால் இதே வசூலுக்கு இவ்வளவு பெரிய நட்டம் வந்திருக்காது. பாதித் தோல்வி திரையரங்கில் நேர்ந்தது, மீதிப் பாதி படப்பிடிப்புத் தளத்திலேயே நேர்ந்துவிட்டது.

எல்லா ஊரிலும் படம் விழவில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் போன்ற நகரங்களில் நன்றாகவே ஓடியது. நியூயார்க்கில்தான் மானம் போனது: மார்ச் 3இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் திரையிட்டு, ஒரே வாரத்தில் எடுத்துவிட்டு, பெட்டி டேவிஸ் நடித்த 'ஜெசபெல்' படத்தைப் போட்டார்கள். 1934இல் தொடங்கிய இவ்வகைக் கோமாளிக் காதல் படங்கள் நான்கு ஆண்டுகளில் வரிசையாக வந்து அலுத்திருந்தன என்பதும், நாடு 1937இல் மறுபடி பொருளாதாரச் சரிவில் விழுந்திருந்ததும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை.

இன்னொன்றையும் வரிசை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். ஹெப்பர்ன் 'பாக்ஸ் ஆபிஸ் பாய்சன்', அதாவது வசூலுக்கு நஞ்சு, என்று முத்திரை குத்தப்பட்டதால் படம் தோற்றது என்பார்கள். சுயேச்சைத் திரையரங்க உரிமையாளர் சங்கத்தின் சார்பில் ஹாரி பிராண்ட் அந்த விளம்பரத்தை வெளியிட்டது 1938 மே மாதத்தில். படம் அதற்குள் வந்து போய்விட்டது. விளம்பரத்தில் கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், மார்லின் டீட்ரிச் ஆகியோரும் இருந்தார்கள். ஆனால் 'சில்வியா ஸ்கார்லெட்', 'மேரி ஆஃப் ஸ்காட்லண்ட்', 'குவாலிட்டி ஸ்ட்ரீட்' என்று ஹெப்பர்னின் தொடர் தோல்விகள் முன்பே இருந்தன. முத்திரை பிறகு வந்தது, அவப்பெயர் அதற்கு முந்தையது. அதே ஆண்டில் அவர் ஆர்.கே.ஓ. ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டு வெளியேறினார். ஹாக்ஸிடமிருந்து 'கங்கா தீன்' படம் பறிக்கப்பட்டு ஜார்ஜ் ஸ்டீவன்ஸிடம் போனது. கிராண்ட் ஒருவருக்குத்தான் சேதாரம் இல்லை.

அடுத்து எதைப் பார்க்கலாம், எந்த வரிசையில்

இதற்கு முன்பே சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. 1934இல் வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்', இந்த வகையின் இலக்கணத்தைச் சொல்லித் தரும்; 1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்', கிராண்ட் நகைச்சுவை நடிகராக உருவான இடத்தைக் காட்டும். இதை முடித்த பிறகு, அதே 1938இல் அதே ஜோடி நடித்த 'ஹாலிடே'யைப் பாருங்கள். அதுவும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனால் அது நிதானமான படம், ஹெப்பர்ன் அமைதியாக இருக்கும்போது என்ன செய்யக்கூடியவர் என்பது அங்கே தெரியும். ஹாக்ஸ் தன் பாடத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்று அறிய 1940இல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' போதும். வசன வேகம் இதைவிடக் கூடுதல், கிறுக்கர்களும் குறைவில்லை. ஆனால் ரால்ஃப் பெல்லமி நடித்த சாதுவான மாப்பிள்ளை ஒருவர், மழைக்கோட்டும் குடையுமாக நடுவில் நிற்கிறார். நாம் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, ஹாக்ஸ் தன் பழைய படத்தைப் பற்றிச் சொன்னது சரிதானா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

போக்டனோவிச் 1972இல் எடுத்த 'வாட்ஸ் அப், டாக்?' படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாக்ஸின் படத்தை வெளிப்படையாகவே முன்மாதிரியாகக் கொண்டது அது. கோட்டு கிழியும் வேடிக்கைகூட அதில் மறுபடி வருகிறது. அதை முதலில் பார்த்துவிட்டால், 1938இல் கிழிந்த கோட்டு உங்களுக்கு நகல்போலத் தோன்றிவிடும். போக்டனோவிச்சே பேசியிருக்கும் விளக்க ஒலித்தடம் கொண்ட வட்டு ஒன்று 'பிரிங்கிங் அப் பேபி'க்கு வந்திருக்கிறது. அது கையில் கிடைத்தால் மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு முறையும் அவர் குரல் வேண்டாம்.